சொல்லாமல் விட்ட மிச்சம்

வேங்கிக்காலில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஐந்து குடித்தனம். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, அலுவலகங்கள் அந்தப் பக்கம் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. அதில் ஓர் அலுவலகத்தில் என் கணவருக்குப் பியூன் வேலை. கல்யாணமான கையோடு அங்கே வந்தேன். வரிசையில் எங்களுடையது மட்டும்தான் கிறிஸ்தவ வீடு. நகை இல்லாமல், பொட்டு இல்லாமல் நான் குழாயடிக்குப் போன முதல் நாள், இந்த வயதில் இந்தப் பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று ஒருத்தி கண் கலங்கிவிட்டாள். எங்கள் சபையில் பெண்கள் இப்படித்தான் இருப்போம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கிய என் கணவரைப் பார்த்துவிட்டு அவர்களே சிரித்துக்கொண்டார்கள்.

நான் அப்படித்தான். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பத்தாவது வரை படித்தேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்தும் எழுந்து நிற்காத பிள்ளைகளில் ஒருத்தி.

எங்கள் சபையில் சத்தியம் செய்யக் கூடாது. பிள்ளை தலையில் கை வைப்பதும் கற்பூரம் அணைப்பதும் மட்டுமல்ல, வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்தும் கூடாது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்றுதான் என்னை வளர்த்தார்கள். இது எப்படியோ அந்த வரிசைக்குத் தெரிந்துபோயிற்று. ஐந்து வீட்டுக்கும் ஒரே குழாய். யார் குடம் முதலில் இருந்தது என்று சண்டை வந்தால் யாராவது ஒருத்தி சொல்வாள், “வேதக்காரங்கள கேளுடி. அவங்க பொய் சொல்ல மாட்டாங்க.” நான் ஒரு குடத்தைக் கை காட்டுவேன். சண்டை முடிந்துவிடும்.

“இந்த லைனுக்கு நீதான் ஜட்ஜு” என்று என் கணவர் கேலி செய்வார். “ஆனா வாயத் தொறக்காத ஜட்ஜு.”

கேலிதான் என்றாலும் எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இப்போது யோசித்தால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான் குறைவாகப் பேசுகிறவள். குறைவாகப் பேசுகிறவளுக்குப் பொய் சொல்லும் சந்தர்ப்பமும் குறைவு. என் கூச்சத்தைத்தான் எல்லாரும் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பஸ் கண்டக்டரின் குடும்பம். செங்கம் பக்கத்துக் கிராமத்தில் நிலம் வைத்திருந்தவர்கள். அந்த அக்கா வாய் ஓயாமல் பேசுவார், நான் கேட்பேன். அவருக்கு ஒரே மகள். நாங்கள் குடிவந்தபோது அவள் ஆறாவது படித்தாள். அந்த வருஷம் அவளுக்கு வலிப்பு வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் அவள் அம்மா கடைக்குப் போயிருந்த நேரத்தில் குழாயடியிலேயே விழுந்துவிட்டாள். மற்ற பெண்கள் கையில் இரும்பு கொடு, சாவி கொடு என்று ஓடினார்கள். நான் ஈரத் தரையில் உட்கார்ந்து அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்தேன். கண் திறந்ததும் அவள் முதலில் பார்த்தது என்னைத்தான். அன்றிலிருந்து என் வீட்டிலேயே கிடப்பாள். வேலூருக்குக் கூட்டிப்போய் மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பதாவது போனபோது மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். பிறகு அவளுக்கு வரவே இல்லை. பிளஸ் டூ முடித்தாள், டைப் கற்றாள், ஆசிரமத்துப் பக்கம் ஓர் எஸ்டிடி பூத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளைக்காரர்களிடம் பயமில்லாமல் இங்கிலீஷ் பேசினாள். அவள் பேசுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும்.

போளூர் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், பிடித்திருந்தது. அதன் பிறகு அக்கம்பக்கத்தில் விசாரிக்க வருவது இங்கே எல்லாருக்கும் வழக்கம். அவர்கள் வருவதற்கு முதல் நாள் காலையில் அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“நாளைக்கு மாப்ள வூட்ல இருந்து விசாரிக்க வராங்களாம். உன் வூட்டுக்குத்தான் அனுப்பப் போறேன். மத்தவளுங்க வாய நம்ப முடியாது. நீ சொன்னா நம்புவாங்க.”

“நானாக்கா?”

“நீதான். நாலு வார்த்த பேசினா கொறஞ்சா போய்டுவ? பொண்ணப் பத்தி உனக்குத் தெரிஞ்சத சொல்லு, போதும்.”

வலிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறைக்கச் சொல்லவில்லை, சொல்லச் சொல்லவுமில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் மாப்பிள்ளையின் பெரியம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். பாய் விரித்துத் தண்ணீர் கொடுத்தேன். மாமன் வாசல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். பெரியம்மாதான் பேசினார்.

“நீங்க வேதக்காரங்களாமே. பொய்யே பேச மாட்டீங்களாமே.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“பொண்ணு எப்படிம்மா?”

“நல்ல பொண்ணு.”

“வேலைக்குப் போவுதே, அந்த எடத்துல பேரு கீரு கெடாம...”

“நல்ல பொண்ணு” என்றேன் மறுபடியும். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

“ஒடம்புக்கு ஒன்னும் இல்லியே?”

அப்போது இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் அது முழு உண்மை ஆகாது என்று தோன்றியது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், “சின்ன வயசுல வலிப்பு வரும்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். மாமனைத் திரும்பிப் பார்த்தார். இப்போது வருவதில்லை, எத்தனையோ வருஷமாயிற்று, மாத்திரைகூட இல்லை, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அவர்கள் முகம் மாறியதைப் பார்த்ததும் வார்த்தை உள்ளே போய்விட்டது. “சரிம்மா, பஸ்சுக்கு நேரமாவுது” என்று எழுந்தார்கள். நான் பாயிலிருந்து எழக்கூட இல்லை. அவர்கள் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போகாமல் நேராகத் தெருமுனைக்கு நடப்பது கதவு வழியாகத் தெரிந்தது. ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம். தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் இதை எழுதுவதில் பயனில்லை. அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரம் எனக்குச் சுகமாக இருந்தது. கஷ்டமான இடத்தில் பொய் சொல்லாமல் தப்பித்தேன் என்று தோன்றியது. குளித்து வந்ததுபோல உடம்பு லேசாக இருந்தது. அந்தச் சுகத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிவிடுகிறது.

இரண்டு நாளில் சேதி வந்துவிட்டது. வேண்டாம் என்றுவிட்டார்கள். காரணத்தையும் மறைக்காமல் சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்பதையும்தான். அக்கா வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தேவலை.

“நான் உன்னப் பொய் சொல்லச் சொல்லல” என்றார். “எத்தினி வருசமா பாக்கற அவள? மடியில போட்டு வெச்சிருந்தியே. மிச்சத்தையும் சொல்லியிருக்கலாமே.”

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண் என் வீட்டுப் பக்கம் வருவது நின்றது.

குழாயடியில் பேச்சு மாறியது. நான் குடத்தோடு போனால், “உண்மை வூட்டம்மா வராங்க, வழி வுடுங்கடி” என்பாள் ஒருத்தி. “அவங்க எதிர்ல என் வயச கேட்டுடாதடி, சொல்லிடப் போறாங்க” என்பாள் இன்னொருத்தி. சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், வேறு யாரையாவது சொல்லியிருந்தால்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போனேன். விஷயம் எப்படியோ அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் மூப்பர் நல்ல மனிதர், யாரையும் நோகடிக்காதவர். அவர் பிரசங்கத்தின் நடுவில் நிறுத்தி, நம் சகோதரி ஒருவர் அக்கம்பக்கத்தின் பகை வரும் என்று தெரிந்தும் உண்மைக்காக நின்றார் என்று சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எழுந்து நில்லுங்க சகோதரி. எல்லாரும் பாக்கட்டும்.”

எழுந்து நின்றேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பெண்கள் வரிசையில் அடுத்த பாயில் இருந்தவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஐயா, நான் நிற்கவில்லை, உட்கார்ந்தபடியே ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன் என்று. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் சொன்னார், “நீ ஒன்னும் தப்பு பண்ணல. கேட்டாங்க, சொன்ன.”

“ம்” என்றேன்.

சில மாதம் கழித்து வேலூரிலிருந்து ஒரு பெரியவர் வந்து மூன்று சாயங்காலம் வேதபாடம் எடுத்தார். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் எடுத்துக்கொண்ட விஷயம் உண்மை. ஆண்டவரை விசாரித்த தேசாதிபதி, உண்மை என்றால் என்ன என்று அவரிடமே கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே கூட்டத்திடம் போய்விட்டானே, அங்கிருந்து ஆரம்பித்தார். அவன் கேட்டது தப்பான கேள்வி இல்லை, நிற்காமல் போனதுதான் தப்பு என்றார். உண்மை எதிரே ஓர் ஆளாக நிற்கும்போது அவன் அதை ஒரு வாக்கியமாகத் தேடினான் என்றார்.

பிறகு மூலபாஷைகளைப் பற்றிச் சொன்னார். புதிய ஏற்பாட்டு பாஷையில் உண்மை என்ற சொல்லுக்கு மறைக்கப்படாதது என்பதுபோல் அர்த்தமாம். பழைய ஏற்பாட்டு பாஷையில் அது உறுதியானது, ஒருவர் சாய்ந்தால் சரியாமல் தாங்குவது. ஒரு தூண் நல்ல தூண் என்பது அது கண்ணுக்குத் தெரிவதால் இல்லை, பாரம் வந்தால் நிற்பதால்தான் என்றார். அன்பு இல்லாமல் உண்மையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி வேதத்தில் எங்கேயும் இல்லை என்றும் சொன்னார். அவர் சொன்னதெல்லாம் சரியாக என் மனதில் நிற்கிறதா, பத்தாவது படித்தவள் அதை எழுதலாமா என்று தெரியவில்லை. ஆனால் தூண் மட்டும் நிற்கிறது. நான் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் என் மேல் சாய்ந்தார்கள். நான் தாங்கவில்லை.

கடைசி நாள், யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். எனக்கு இருந்தது. கேட்கவில்லை.

அடுத்த வருஷம் அவளுக்கு இன்னொரு வரன் வந்தது, ஆரணியிலிருந்து. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அக்கா ரொம்ப நாளைக்குப் பிறகு என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“தப்பா எடுத்துக்காத” என்றார். “நாளைக்கு நீ எங்கியாவது போய்ட்டு வாயேன். தங்கச்சி வூட்டுக்கு, எங்கியாவது. அவங்க போற வரைக்கும்.”

“சரிக்கா.”

“உன்னப் பொய் சொல்லச் சொன்னா நீ சொல்ல மாட்ட. அது எனக்குத் தெரியும். அதான்.”

“சரிக்கா, போறேன்.”

தங்கச்சி வீட்டுக்குப் போனால் ஏன் வந்தாய் என்று கேட்பாள். கணவர் வேலைக்குப் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். அடி அண்ணாமலையில் இறங்கினேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது என்பதுதான் காரணம். பௌர்ணமி இல்லாத நாள், கிரிவலப் பாதை காலியாக இருந்தது. ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்தேன். எதிரே சோடாக் கடை வைத்திருந்தவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“இன்னாம்மா, மலை சுத்த வந்தீங்களா?”

“இல்லீங்க.”

“யாருக்காவது வெயிட் பண்றீங்களா?”

“இல்லீங்க. சும்மா உக்காந்திருக்கேன்.”

“உக்காருங்க, உக்காருங்க. சுத்தறவங்களே ஜாஸ்தி. உக்கார்றவங்க கம்மி” என்று சொல்லிவிட்டு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார்.

பொய் சொல்ல மாட்டாள் என்று என்னை நம்பி ஒரு காலத்தில் விருந்தாளிகளை அனுப்பினார்கள். அதே காரணத்துக்காக இப்போது வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நான் சரி என்றேன். அந்த மரத்தடியில் எனக்கு அழுகை வரவில்லை, யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவார்களோ என்றுதான் இருந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு திரும்பினேன். குழாயடியில் அவள் தனியாகத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தலையில் வாடிய பூ, இன்னும் பட்டுப்புடவை. என்னைப் பார்த்ததும் குழாயைத் திருகி நிறுத்தினாள்.

“எங்கக்கா போனீங்க?”

“சும்மா.”

“அம்மாதான போகச் சொன்னாங்க?”

நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை.

“தனியா பேசணும்னு அவரு கேட்டாரு. பின்னாடி துணி காயப்போடற எடத்துல நின்னு பேசினோம். நானே சொல்லிட்டேன்கா. வலிப்பு வந்துது, மாத்திர சாப்ட்டேன், அப்புறம் வரவே இல்லன்னு. அவரு ஒன்னும் சொல்லல. டவுட்டா இருந்தா பக்கத்து வூட்டு அக்காவ கேளுங்க, அவங்கதான் எல்லாம் பாத்தவங்கன்னு சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “கூட்டிட்டு வந்து காட்டினா உங்க வூடு பூட்டி இருக்குது.”

சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது.

“அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நான் சொன்னது தெரிஞ்சா செத்தேன்” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். என் மேல் அவளுக்குக் கோபம்கூட இல்லை. முதல் வரன் முறிந்த பிறகும் சாட்சிக்கு என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா தனியாக வந்தார். நேராக என் வீட்டுக்கு. பக்கத்து வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வந்தவர் கறுப்பாக, ஒல்லியாக, அவசரமில்லாதவராக இருந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

“எம் பையன் எல்லாம் சொன்னான்” என்றார். “உங்க வாயால கேக்கணும்னு வந்தேன்.”

அன்றைக்கு நான் பேசினேன். அவ்வளவு பேச்சு என்னிடம் இருந்தது எனக்கே தெரியாது. குழாயடியில் விழுந்ததைச் சொன்னேன், வேலூர் போனதைச் சொன்னேன், மாத்திரை நின்ற வருஷத்தைச் சொன்னேன். அவள் எப்படி இங்கிலீஷ் பேசுவாள், எப்படிச் சிரிப்பாள் என்றெல்லாம் சொன்னேன். முதல் வரன் எதனால் நின்றது, யாரால் நின்றது என்றும் சொன்னேன். அந்த அம்மா நடுவில் பேசாமல் கேட்டார். முடித்ததும் கேட்டார்.

“இதெல்லாம் சரி. அன்னிக்கு ஏன் பூட்டிட்டுப் போனீங்க? நாங்க வர்றது தெரியாதா?”

தெரியும். அக்கா போகச் சொன்னார் என்பதுதான் நடந்தது. அதைச் சொன்னால், மறைக்கப் பார்த்தார்கள் என்று இந்த வரனும் போய்விடும். இல்லை, தெரியாது என்றால் அது பொய். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா நின்று கேட்டுக்கொண்டிருப்பார் என்று தெரியும். எவ்வளவு கேட்கும் என்று தெரியாது.

“தெரியும்” என்றேன். “என்னால ஒரு கல்யாணம் நின்னுபோச்சு. அவங்க மூஞ்சில முழிக்க எனக்கு வெட்கமா இருந்துது. அதான் போய்ட்டேன்.”

அந்த அம்மா என்னையே பார்த்தார். “ம்” என்றார். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நான் சொன்னதில் பொய் வார்த்தை ஒன்றும் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முதல் தடவை போலவே இதிலும் ஒரு மிச்சம் வெளியே நின்றது. இந்தத் தடவை அதை நானே பார்த்து நிறுத்தினேன். இதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வேலூர்ப் பெரியவர் சொல்லியிருப்பாரோ என்னவோ. எனக்கு அன்றைக்கு உடம்பு லேசாகவில்லை.

நாலு நாளில் சம்மதம் என்று ஆள் வந்தது. அந்தத் தையில் கல்யாணம் நடந்தது. மண்டபத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் நிறைந்திருந்தது. என் காதோடு சொன்னார்.

“உன்ன எனக்குத் தெரியும்டி. வாழ்நாள்ல ஒரு பொய் சொன்னவ இல்ல நீ. எம் பொண்ணுக்காக அந்தம்மாகிட்ட மாத்தி சொல்லிட்ட. உன் சாமி உன்ன மன்னிச்சிடும்.”

நான் மாற்றிச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன், அதற்கு முன்னால் உங்கள் மகளே சொல்லிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவள் கேட்டுக்கொண்டதை மீறியதாகும். மேடையில் அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்துகொண்டேன். அவர் முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டார், நான் அழுகிறேன் என்று நினைத்து.